மட்டக்களப்பு வெயிலில் எந்த ஸ்டோமா பை நிற்கும்?

பெருங்குடல், நேர்குடல் புற்றுநோய் ஒபரேஷனில் குடலின் முனையை வயிற்றுத் தோலில் திறந்து வைத்தால் அந்த வாய்தான் ஸ்டோமா, மலத்தை ஏந்த அதன் மேல் ஒட்டுவது ஸ்டோமா பை. அதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பையைத்தான் பார்க்கிறார்கள்: மணம் வெளியே வருமா, சாரத்துக்கு மேலே புடைத்துத் தெரியுமா, என்ன நிறம். கிழக்கு மாகாணத்தில் அது இரண்டாவது கேள்வி. இங்கே முதலில் தோற்பது பை அல்ல, தோலில் ஒட்டும் தட்டு. அதனால் ஒற்றைப் பை, இரட்டைப் பை, குவிந்த தட்டு, பசை, தூள், பெல்ட் எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கப் போகிறோம். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே வேர்த்துக்கொண்டிருக்கும் வயிற்றில் இது எத்தனை நாள் ஒட்டி நிற்கும்?

இதை வெறும் வசதிப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது. தட்டு ஒருமுறை கசிந்துவிட்டால் நோயாளி செய்யும் முதல் வேலை வாயைக் கட்டுவது. "வாப்பாக்குத் தண்ணி கனக்கக் குடுக்காத மகள், பை நிரம்பிரும்" என்ற பேச்சு காத்தான்குடியில் கேட்கும். களுவாஞ்சிக்குடியில் அதே பேச்சு "அப்பாக்கு" என்று தொடங்கும். சிறுகுடலில் பை வைத்தவருக்குத் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சில நாட்களிலேயே சிறுநீரகம் அடிவாங்கும். மறுபடி வாட்டில் படுக்கை, மறுபடி சேலைன், கீமோ என்ற புற்றுநோய் மருந்துச் சிகிச்சை தள்ளிப்போகும். பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போன மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோய்க்கு, ஒபரேஷன் முடிந்து 8 வாரத்துக்குள் கீமோவைத் தொடங்கப் பார்ப்பார்கள். அதற்கு மேல் தள்ளத் தள்ள அதன் பலன் குறையும். நோய் குடலோடு நின்றிருந்தால் 5 ஆண்டு தாண்டுகிறவர்கள் 100க்கு 90 அளவில், பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் 70 சொச்சம், ஈரல், நுரையீரல் என்று தூரம் போயிருந்தால் 15 அளவில் என்பது அமெரிக்கப் பதிவேடுகளின் கணக்கு. நடுவில் உள்ள அந்தப் பிரிவினருக்குத்தான் கீமோவின் நேரம் பெரிய விஷயம். தட்டின் பசை அந்த நேரத்தோடு சேர்ந்து கணக்காகிறது.

பை ஏன் வைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொண்டே பையைத் தெரிவுசெய்ய வேண்டும். "ஒபரேஷன் பிழைச்சிட்டு, அதான் பை வச்சிருக்காங்க" என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் தவறு. நேர்குடலில் தாழ்வான இடத்துக் கட்டியை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைக்கும்போது, அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அந்த வழியே போகாமல் சிறுகுடலைத் தற்காலிகமாக வயிற்றுக்கு வெளியே திறந்து வைப்பார்கள். இணைப்பு கசிவதுதான் இந்த ஒபரேஷனில் எல்லோரும் பயப்படும் சிக்கல். 2007இல் வெளியான ஸ்வீடன் ஆய்வொன்றில் 234 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தார்கள். பை வைத்தவர்களில் அறிகுறி காட்டிய கசிவு 10.3 வீதம், வைக்காதவர்களில் 28 வீதம். ஆக, இந்தப் பை ஒரு காப்பு. இதை இலியோஸ்ரமி என்பார்கள். வெளியேறுவது தண்ணீராக இருக்கும், செரிமான நொதிகள் கலந்திருக்கும், தோலில் பட்டால் சுட்டுவிடும். மலவாசலையே எடுத்துவிட்டு இடப்பக்கம் பெருங்குடலைத் திறந்து வைத்தால் அது நிரந்தரக் கொலொஸ்ரமி. அதில் வருவது ஓரளவு கட்டியான மலம், தோலுக்கு ஆபத்து குறைவு. கடைக்காரரிடம் "பை ஒன்று தாங்க" என்று மட்டும் கேட்டால் இந்த இரண்டில் எதற்கு என்று அவருக்குத் தெரியாது.

இனி பொருட்களுக்கு வருவோம்.

ஒற்றைப் பையில் தட்டும் பையும் ஒன்றாகவே ஒட்டி வரும். மெல்லியது, வளையும், குனிந்தாலும் வயிற்றைக் குத்தாது. தொழுகையில் குனியும் ருகூவிலும் நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலும் தட்டின் விளிம்பு உறுத்தவில்லை என்பதற்காகவே பலர் இதில் நிலைத்துவிடுகிறார்கள். ஒபரேஷன் முடிந்த முதல் வாரங்களுக்கு, கீழே திறந்து காலிசெய்யக்கூடிய, ஒளிபுகும் ஒற்றைப் பைதான் எங்கள் தெரிவு. குடல் முனையின் நிறத்தைப் பையைக் கழற்றாமலே பார்க்கலாம். உதட்டின் உட்புறம் போல் சிவந்து ஈரமாக இருந்தால் சரி. துடைக்கும்போது துளி இரத்தம் வருவதும் சரி. கருநீலமாகவோ கறுப்பாகவோ போனால் இரத்த ஓட்டம் நின்றுபோகிறது என்று பொருள். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒற்றைப் பையின் குறை, பையை மாற்றும் ஒவ்வொரு தடவையும் தோலில் இருந்து தட்டை உரிக்க வேண்டியிருப்பது. தினமும் உரித்தால் ஒரு வாரத்தில் தோல் புண்ணாகும்.

இரட்டைப் பையில் தட்டு வேறு, பை வேறு. தட்டில் ஒரு வளையம், பையில் ஒரு வளையம், இரண்டையும் அழுத்திப் பூட்டுவது. தட்டைத் தோலில் விட்டுவிட்டுப் பையை மட்டும் மாற்றலாம் என்பதுதான் இதை விற்கும் காரணம். அந்தக் காரணம் குளிர் நாட்டில் சரியாக வேலை செய்யும், ஏனென்றால் தட்டு நான்கைந்து நாள் நிற்கும் என்ற கணக்கில்தான் இதில் லாபம் வருகிறது. வாழைச்சேனையில் வள்ளம் இழுப்பவருக்கோ சம்மாந்துறை வயலில் நிற்பவருக்கோ அதே தட்டு இரண்டு, இரண்டரை நாளில் விளிம்பு வெள்ளையாகி இளகிவிடும். பிறகு பூட்டும் வளையம் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன? வீட்டோடு இருக்கும், தோல் மெலிந்த வயதானவர்களுக்கு இரட்டைப் பை நன்று. வெயிலில் வேலை செய்பவருக்குக் காசு விரயம் என்பது எங்கள் முடிவு. முதல் பத்து நாளுக்கும் இது உகந்ததல்ல. பூட்டுவதற்கு வெட்டுக்காயத்தின் பக்கத்திலேயே அழுத்த வேண்டும், வலிக்கும். விரலை உள்ளே விட்டுப் பூட்டக்கூடிய மிதக்கும் வளையம் உள்ளதென்றால் பரவாயில்லை.

இரட்டைப் பையில் ஆட்கள் அதிகம் ஏமாறுவது அளவில். ஒரு கம்பனி 40, 50, 60 மில்லிமீற்றர் என்று போகும். இன்னொன்று 45, 57, 70 என்று போகும். ஒருவர் கிளினிக்கில் கிடைத்த தட்டை ஒட்டிவிட்டு, பாமசியில் வேறு கம்பனிப் பையை வாங்கி வருவார். பூட்டியது போல இருக்கும், இரவில் திரும்பிப் படுக்கும்போது கழன்றுவிடும். பாமசிக்குப் போகும்போது பழைய பெட்டியின் மூடியை வெட்டி எடுத்துப் போங்கள். வாயால் சொல்லி வாங்க வேண்டாம்.

குவிந்த தட்டு என்பது நடுப்பகுதி உள்ளே அழுத்தும்படி வளைந்தது. குடல் முனை தோல் மட்டத்துக்கோ அதற்குக் கீழேயோ உள்வாங்கிப் போனவர்களுக்கு இது ஒன்றே தீர்வு. தட்டையான தட்டை எத்தனை தடவை மாற்றினாலும் மலம் அடியால்தான் ஓடும். ஆனால் குடலிறக்கம் உள்ளவர், குடல் வெளியே தள்ளி நீண்டிருப்பவர் கேட்டுத் தெரியாமல் இதைப் போடக்கூடாது. அழுத்தும் இடத்தில் புண் வரும். தாதி ஒருவர் உட்கார வைத்துப் பார்த்துச் சொன்ன பிறகு வாங்குங்கள். படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் வயிறு, உட்கார்ந்ததும் மடிந்து குழியாகும். கசிவு தொடங்குவது அந்த மடிப்பில்.

இதையொட்டி ஒரு விஷயம். பை எந்த இடத்தில் வரவேண்டும் என்று ஒபரேஷனுக்கு முன்பே வயிற்றில் அடையாளம் போடச் சொல்லிக் கேளுங்கள். நிற்கவும், உட்காரவும், குனியவும் வைத்துப் பார்த்துப் போட வேண்டும். சாரம் கட்டும் கோடும், சேலைக்குள் பாவாடை நாடா இறுகும் கோடும் தட்டின் மேல் வரக்கூடாது. அந்த அடையாளம் சரியாக விழுந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

தட்டு எதனால் ஆனது என்று தெரிந்தால் அது ஏன் இளகுகிறது என்பது விளங்கும். பெக்டின், கார்பொக்சிமெதில்செலுலோஸ் போன்ற ஈரம் உறிஞ்சும் பொருட்களை ஒட்டும் ரப்பரோடு குழைத்துத் தகடாக்கியதுதான் தட்டு. சில தயாரிப்புகளில் ஜெலட்டினும் இருக்கும். அது எந்த விலங்கில் இருந்து வந்தது என்பது கம்பனிக்குக் கம்பனி மாறுவதால், அதைக் கவனிக்கிறவர்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வேர்வையை இந்தத் தகடு உறிஞ்சும், உறிஞ்சி உறிஞ்சி வீங்கும், ஒரு கட்டத்துக்கு மேல் கரையும். ஆகவே "கூடுதல் நாள் நிற்கும்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பி ஐந்தாம் நாள்வரை இழுக்காதீர்கள். கழற்றிய தட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றி 5 மில்லிமீற்றருக்கு மேல் வெள்ளையாகக் கரைந்திருந்தால் நீங்கள் ஒரு நாள் பிந்திவிட்டீர்கள். அடுத்த தடவை ஒரு நாள் முந்தி மாற்றுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை பார்த்தால் உங்கள் வயிற்றின் கணக்கு தெரிந்துவிடும், மாரிக்கு ஒன்று, கச்சானுக்கு ஒன்று என்று.

ஒட்டும் முறை. காலையில் எழுந்து எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் மாற்றுங்கள். அப்போதுதான் குடல் அடங்கியிருக்கும். பழைய தட்டை ஈரத் துணியால் தோலை அழுத்தியபடி மேலிருந்து கீழாகக் கழற்ற வேண்டும், இழுத்துப் பிய்க்கக் கூடாது. கழுவ வெறும் தண்ணீர் போதும். டெட்டோல், சவ்லோன் தோலை எரிக்கும். குழந்தைகளின் ஈரத் துடைப்பானிலும் கிரீம் சேர்ந்த சவர்க்காரத்திலும் எண்ணெய்ப்பசை இருக்கிறது, தட்டு ஒட்டாது. தேங்காய் எண்ணெய், மஞ்சள், குழந்தைப் பவுடர் எதுவும் தட்டுக்கு அடியில் வேண்டாம். ஆண்களுக்கு மயிர் இருந்தால் கத்தரியால் ஒட்ட வெட்டுங்கள். சவரக்கத்தி மயிர்க்கால்களைப் புண்ணாக்கும். ஒற்றி ஒற்றி உலர்த்தி, விசிறியின் கீழ் ஐந்து நிமிடம் காயவிடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்கிறவர்கள்தான் "பசை சரியில்லை" என்று கடையில் சண்டை பிடிக்கிறார்கள்.

பிறகு அளவு. குடல் முனை 32 மில்லிமீற்றர் என்றால் ஓட்டை 34 அல்லது 35. அதற்கு மேல் வெட்டினால் வெளியே தெரியும் தோல் மலத்தில் வேகும். நெருக்கி வெட்டினால் விளிம்பு குடலை அறுக்கும். வெட்டிய விளிம்பை விரலால் தடவி மழுக்குங்கள். ஒபரேஷன் வீக்கம் வற்ற 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை வாரம் ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். வாட்டில் வெட்டித் தந்த அட்டை மாதிரியை மூன்று மாதமாக வைத்து வெட்டிக்கொண்டிருப்பது இங்கே காணும் தோல் புண்ணுக்கு முதல் காரணம். ஒட்டியதும் உள்ளங்கையை மேலே வைத்து இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடியுங்கள். உடல் சூட்டில்தான் பசை தோலின் சுருக்கங்களுக்குள் இறங்கும்.

துணைப் பொருட்களில் எல்லாம் தேவை என்று நினைக்க வேண்டாம். டியூப் பசை ஒட்டுவதற்கு அல்ல, பள்ளம் நிரப்புவதற்கு. சுவரில் பட்டி பூசுவது போல. அதிகம் போட்டால் தட்டு வழுக்கும். பலதில் அற்ககோல் இருப்பதால் புண்ணில் பட்டால் எரியும். போட்டபின் ஒரு நிமிடம் ஆவியாக விட்டுத்தான் தட்டை வைக்க வேண்டும். புண் உள்ளவர்களுக்குப் பசையைவிட வளையமாக வரும் மென்தகடு நல்லது. ஸ்டோமாத் தூள் ஈரமாகக் கசியும் தோலுக்கு மட்டும். தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட்டு, அற்ககோல் இல்லாத தோல் காப்புத் துடைப்பானால் ஒற்றி, காய்ந்தபின் மறுபடி தூவி ஒற்ற வேண்டும். இரண்டு மூன்று படை வந்தால் அதன் மேல் தட்டு பிடிக்கும். நல்ல தோலில் தூளைப் போட்டால் தட்டு கழன்றுதான் விழும். பெல்ட் மலிவு, வேலை செய்யும் ஆட்களுக்கு இதில் கிடைக்கும் பயன் அதிகம். இரண்டு விரல் நுழையும் தளர்வில், தட்டில் பெல்ட்டைக் கொளுவும் காதுகளுக்கு நேர் மட்டத்தில் கட்டுங்கள். இடுப்புக்கு மேலே ஏறினால் தட்டை அதுவே கிளப்பிவிடும்.

பையின் கீழே திறக்கும் வாலை மூடும் கிளிப் பற்றி ஒரு எச்சரிக்கை. பத்துப் பை உள்ள பெட்டியில் கிளிப் பத்து வராது. பழைய பையோடு கிளிப்பையும் எறிந்துவிட்டு றப்பர் வளையத்தில் காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். வாலை ஒரு மடிப்பு மட்டும் மடித்து மூட வேண்டும். இரண்டு மடிப்பு வைத்தால் கிளிப் தெறிக்கும். புதிதாக வாங்குபவர் ஒட்டி மூடும் வால் உள்ளதையே வாங்கலாம். காற்று வெளியேறும் கரித்துண்டு வடிகட்டி கொலொஸ்ரமிக்குப் பிரயோசனம். இலியோஸ்ரமியில் நனைந்து அடைபடும், அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். கட்டி மலம் கீழே இறங்காமல் மேலேயே ஒட்டிக்கொண்டால், பையின் உட்பக்கம் சில துளி எண்ணெய் விட்டுத் தேயுங்கள். தட்டில் படாமல்.

எந்தப் பையாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலிசெய்யுங்கள். நிரம்பிய பையின் பாரமே தட்டை உரிக்கும்.

இலியோஸ்ரமிக்காரர் ஒரு அளவுக் குவளையும் வாங்க வேண்டும். பெட்டியில் வராத, ஆனால் எல்லாவற்றிலும் அவசியமான பொருள் அது. ஒரு நாளைக்கு வெளியேறுவது 500 முதல் 1000 மில்லிலீற்றர் வரை இருப்பது வழக்கம். 1500 தாண்டினால் அது பையின் பிரச்சினை அல்ல, உடலின் பிரச்சினை. அந்த நேரத்தில் வெறும் தண்ணீரை அதிகம் குடித்தால் குடல் உப்பையும் சேர்த்து வெளியே தள்ளும், போக்கு இன்னும் கூடும். எங்கள் ஊரில் உடனே வெட்டிக் கொடுப்பது இளநீர். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இங்கே இழக்கப்படுவதோ சோடியம். ஜீவனி என்ற நீரிழப்புக்கான உப்புக் கரைசல் தூளைப் பாக்கட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், நீர்க்க வைக்காதீர்கள். வீட்டில் தயாரிப்பதானால் 1 லீற்றர் தண்ணீரில் 5 மில்லிலீற்றர் கரண்டியால் 6 மட்டக் கரண்டி குளுக்கோஸ், 1 மட்டக் கரண்டி உப்பு, அரை மட்டக் கரண்டி அப்பச்சோடா. அது சோடியம் பைகாபனேற்று, பேக்கிங் பவுடர் அல்ல. பிரஷருக்கும், சிறுநீர் கூடப் போவதற்கும் மாத்திரை எடுப்பவர்கள் போக்கு கூடிய நாளில் அன்றே வைத்தியரைக் கேட்க வேண்டும். நீரிழப்போடு அவை சேர்ந்தால் சிறுநீரகம் சீக்கிரம் கெடும். முழு மாத்திரை கரையாமல் பையில் விழுந்தால் அதையும் சொல்லுங்கள். மெதுவாகக் கரையும் வகை மருந்தென்றால் வேறு வகைக்கு மாற்றித் தருவார்கள்.

பை திடீரென்று வெறுமையாகி, வயிறு வீங்கி, பிடித்துப் பிடித்து வலித்தால் அது அடைப்பு. முதல் 6, 8 வாரத்துக்குப் பனங்கிழங்கு, சோளன், தேங்காய்ப்பூ, கஜு, கச்சான் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் காற்றுக்கும் கொட்டைக்கும் ஒரே பெயர், இந்த நோயாளிக்கு இரண்டுமே ஆகாது. சோறும் வாழைப்பழமும் போக்கைக் கட்டும். எருமைத் தயிர் மணத்தைக் குறைக்கும் என்று பலர் சொல்கிறார்கள், சாப்பிடத் தடையில்லை.

கீமோ தொடங்கியதும் பைத் தெரிவை மறுபடி யோசிக்க வேண்டும். ஒக்ஸலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றியவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போகும். கபசிற்றபீன் என்ற கீமோ மாத்திரை குடிப்பவர்களுக்கு உள்ளங்கை சிவந்து உரியும். அந்தக் கையால் கத்தரியைப் பிடித்து 34 மில்லிமீற்றர் வட்டம் வெட்ட முடியாது, இரட்டை வளையம் பூட்டியதா என்று உணரவும் முடியாது. அளவு நிலைத்துவிட்டதென்றால் முன்பே வெட்டி வரும் ஒற்றைப் பைக்கு மாறுங்கள், அல்லது வீட்டில் ஒருவர் ஒரு வாரத்துக்கான தட்டுகளை முன்கூட்டியே வெட்டி வைக்கட்டும். கபசிற்றபீன் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும், ஆகவே அளவுக் குவளையை அப்போது தூக்கி வைத்துவிடாதீர்கள்.

நிரந்தரப் பை உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காலப்போக்கில் பக்கத்தில் குடலிறக்கம் வருகிறது. தட்டு ஒரு பக்கம் கிளம்பிக்கொண்டே இருப்பது அதன் முதல் அடையாளமாக இருக்கலாம், வேறு கம்பனிக்கு மாறி அலைவதற்கு முன் நின்று இருமிப் பாருங்கள். நெல் மூட்டை, தண்ணீர்க் குடம், வள்ளம் தள்ளுதல் முதல் மூன்று மாதத்துக்கு வேண்டாம். அதன் பிறகும் தாங்கு பெல்ட்டோடு செய்வது நல்லது.

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதயதேவி ரயிலில் போகிறவர்கள் ஏற்கெனவே வெட்டிய தட்டு இரண்டு, பை மூன்று, தண்ணீர்ப் போத்தல், பழைய பத்திரிகை, ஒரு சொப்பிங் பை வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பயணங்களைப் பை பயத்தில் தவறவிடுவதுதான் பெரிய நட்டம். திரும்ப வரும் நோயில் பெரும்பங்கு முதல் மூன்று ஆண்டில் வருகிறது. நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் சீஈஏ இரத்தப் பரிசோதனை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, சீரீ ஸ்கான் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, ஓராண்டு முடிவில் குடல் கமரா என்பது பொதுவான ஒழுங்கு. ஈரலில் ஒரு சிறு புள்ளியாகக் கண்டால் பல வேளைகளில் வெட்டி எடுக்க முடியும்.

விலையைப் பெட்டிக்கு அல்ல, நாளுக்குக் கணக்கிடுங்கள். இரண்டு நாள் நிற்கும் ஒற்றைப் பை மாதம் 15. நான்கு நாள் நிற்கும் தட்டு மாதம் 8, அதோடு பைகள். அதே தட்டு உங்கள் வயிற்றில் இரண்டரை நாள்தான் என்றால் 12. மலிவுப் பெட்டி பல தடவை இந்தக் கணக்கில் தோற்கும். முதல் எட்டு வாரத்தில் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்க வேண்டாம், குடல் முனை சுருங்கும்போது அளவு மாறிவிடும். வாங்கியதை ஓட்டோவின் முன்கண்ணாடிக்குக் கீழேயும் தகரத்துக்கு அடியிலும் வைக்காமல், சுவரோரம் நிழலில் வையுங்கள். கார்த்திகை, மார்கழி வெள்ளத்துக்கு முன் பத்து நாள் இருப்பை மூடியுள்ள பிளாஸ்ரிக் வாளியில் போட்டு, கிளினிக் கொப்பியையும் அதற்குள்ளேயே வையுங்கள்.